புதுசு போல மின்னிய எல்போ

சாப்பிட உட்காருவதற்கு முன் எனக்கு முழங்கை வரை சோப்பு போட்டுக் கழுவியாக வேண்டும். மெக்கானிக்குக்கு இது அதிகம்தான், ஒப்புக்கொள்கிறேன். மந்தைவெளியில் என் ஷெட்டைத் தாண்டிப் போகிறவர்கள் என் வெள்ளைச் சட்டையைப் பார்த்து, ஏதோ பேங்க் ஆள் வண்டி ரிப்பேருக்குக் காத்திருக்கிறார் என்றுதான் நினைப்பார்கள். நீங்களும் உள்ளே வந்ததும் "மெக்கானிக் செம்பியன் யாருப்பா?" என்று என்னிடமே கேட்டீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. அந்த நேரத்திலும் எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. அப்படிப்பட்ட அல்பம் நான்.

லாரன்ஸ் எனக்கு டாக்டர் என்று பேர் வைத்தான். ஊரூர் குப்பத்திலிருந்து மீன் ஏற்றும் பழைய லாரி அவனுடையது, ஓட்டுவதும் அவனே. டீக்கடையில் நான் கை கழுவுவதை நடித்துக் காட்டுவான். விரல் இடுக்கு, நகக்கண் எதையும் விடமாட்டான். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், அவ்வளவு நன்றாகச் செய்வான். என் மகள் நிச்சயதார்த்தத்தில், சம்பந்தி வீட்டார் முன்னாலும் செய்தான். மாப்பிள்ளையே சிரித்தார். அன்றைக்குப் பந்தியில் நான் கை கழுவாமல் சாப்பிட்டேன்.

அவன் ரேடியேட்டரில் கூலன்ட் ஊற்றவே மாட்டான். அடிபம்பின் உப்புத் தண்ணீர்தான்.

"கடல் தண்ணில பொறந்தவன் நைனா நானு. என் வண்டிய உப்பு இன்னா பண்ணும்?" என்பான்.

போன வாரம் ஹோஸ் மாட்டுகிற எல்போ, அதாவது இன்ஜினிலிருந்து வரும் வளைந்த அலுமினியக் குழாய், உப்புப் பூத்துக் கசிந்தது. புது எல்போவை அவனே வாங்கி வந்து என்னிடம் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனான். நான் பழையதைக் கழற்றி உப்பைச் சுரண்டினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். சுத்தம் என்று இறங்கிவிட்டால் எனக்குக் கை நிற்காது. உள்ளே அரம் போட்டு, வெளியே எமரித்தாள் தேய்த்து, அப்பளக் கனத்துக்கு வந்த பிறகுதான் விட்டேன். கசிவு தெரியாமல் பசை தடவி அதையே திரும்ப மாட்டினேன்.

லாரன்ஸ் வந்து பார்த்தான். "டாக்டரு டாக்டருதான். மொகம் பாக்கலாம் போல கீது."

அவன் என்னைப் பாராட்டியது அது ஒரு தடவைதான். மனசு கொஞ்சம் தடுமாறியது, மறைக்க மாட்டேன்.

இன்ஜின் சூடானதும் குனிந்து காது வைத்துக் கேட்பது அவன் வழக்கம். சத்தத்திலேயே வண்டிக்கு என்ன நோவு என்று தெரிந்துவிடுமாம். அன்றைக்கு ஏனோ மறந்துவிட்டான். ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருந்த நான்தான் ஞாபகப்படுத்தினேன்.

"கிட்ட போய் கேளு லாரன்ஸு. இன்னாவோ சவுண்டு வர்ற மாரி கீது."

அவன் குனிந்ததும் ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன். எல்போ வெடித்து, கொதிக்கிற தண்ணீர் அத்தனையும் அவன் முகத்தில் அடித்தது.

ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனதும் நான்தான். இரண்டு கண்ணும் போய்விட்டது என்றார்கள். அவன் மனைவி அன்புச்செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இல்லன்னா இன்னா ஆயிருக்குமோண்ணா" என்று அழுதாள். எனக்கும் அழுகை வந்தது, நடிப்பில்லை. அவள் விட்டதும் போய்க் கை கழுவினேன்.

புது எல்போ என் டூல் பாக்ஸில் பிரிக்காமல் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன் ஐயா. கோபத்தில் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். கோபத்தில் செய்கிற வேலை இவ்வளவு சுத்தமாக வராது.