தலைவர் இடுப்பில் தொங்கிய சாவி

அவைக்கு அணி சேர்க்கும் தலைவர் நல்லமுத்து அண்ணன் அவர்களே! சமையற்கட்டின் தலைமகள் தவமணி அக்கா அவர்களே! பெரியோர்களே, தாய்மார்களே, தண்ணீர்மலையில் தாகம் தீர்க்கும் தங்கக் கரங்களே! தண்ணீர்ப் பந்தல் சங்கச் செயலாளர் பக்கிரிசாமியின் பணிவான வணக்கம்.

என் வயிறு எரிகிறது! எதனால்? எதிர்ப் பந்தலால்!

இந்தத் தைப்பூசத்தில் என்ன நடந்தது? மோர்ப் பானையும் சர்க்கரை மூட்டையும் ஸ்டோர் அறைக்குள். அறைச் சாவி தலைவர் இடுப்பில். தலைவரோ காவடியின் கீழ்! அருள் வந்து ஆடுகிறவரை நிறுத்திச் சாவி கேட்க யாருக்குத் துணிச்சல் வரும்? சிரிக்காதீர்கள் முன்வரிசை அண்ணே, உங்களுக்கும் வரவில்லை. பூட்டை உடைப்போம் என்று சாலையோரத்திலேயே செயற்குழுவைக் கூட்டினோம். தீர்மானமும் நிறைவேறியது. ஆனால் தலைவர் கையெழுத்து இல்லாமல் தீர்மானம் செல்லாதாம்!

வெயில் ஏறியது. கூட்டம் ஏறியது. நம் பந்தலில் வாழைமரம் இருந்தது, தோரணம் இருந்தது, என் தேன்தமிழ் முழக்கம் இருந்தது. மோர் இருந்ததா? எதிரே செல்வநாயகி அம்மையார் பந்தலில் மோர் ஓடியது, பானகம் ஓடியது, நம் மக்களும் அங்கேயே ஓடினார்கள்! பால்குடம் செலுத்தி இறங்கி வந்த என் மனைவி ருக்குமணி, நான் மைக்கில் "வருக, வருக" என்று கூவக் கூவ, என்னைப் பார்த்துக்கொண்டே அங்கே போய் மோர் குடித்தாள். ஒரு கிளாஸ் அல்ல, இரண்டு! எந்தக் கணவன் தாங்குவான்?

வீட்டில் கேட்டேன். "அங்க ஒரு வேலைக்கு ரெண்டு பேருங்க. செல்வநாயகி அக்கா வெயில்ல மயங்கி உட்கார்ந்துட்டாங்க. மோர் நின்னுச்சா? நிக்கலைலா! அடுத்த ஆளு சாவியோட வந்துட்டாங்க" என்றாள்.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் கரண்டு போனால் ஜெனரேட்டர் ஓடுகிறது. மானேஜர் லீவு என்றால் அடுத்தவர் கையெழுத்துப் போடுகிறார். அங்கே அப்படி வேலை பார்க்கும் நாம், இங்கே ஒற்றைச் சாவியை நம்பி ஊரையே தாகத்தில் நிறுத்தினோமே, தகுமா? இன்னொரு பூசம் இப்படிப் போனால் அடுத்த வருஷம் நம் பந்தலே இருக்காது!

ஆகவே கேளுங்கள் என் திட்டத்தை! தலைவரிடம் ஒரு சாவி, தவமணி அக்காவிடம் ஒரு சாவி. குழாய் நின்றால் லாரித் தண்ணீர், லாரிக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்போம். அவசரத்தில் பந்தலில் நிற்கும் மூவர் ஒத்துக்கொண்டால் போதும், பூட்டு உடையும். காவடி எடுப்பவர் முந்தின நாளே பொறுப்பை மாற்றிக் கொடுப்பார். எந்த வேலையும் ஒருவரோடு நிற்கக் கூடாது!

என்ன தவமணி அக்கா? "மைக்குக்கு யாரு ரெண்டாவது ஆளு?" என்றா கேட்கிறீர்கள்?

அது... தேவைதானா? ஜலதோஷத்தில்கூட இந்த மைக்கை நான் யாருக்கும் தந்ததில்லையே! இன்னொரு குரலுக்கு இந்த அவை கைதட்டுவதை நினைத்தாலே நெஞ்சு பொறுக்கவில்லையே! ஆனால் சாவி தலைவர் இடுப்பில் இருந்தால் தவறு, மைக் என் கையில் இருந்தால் மட்டும் சரியா?

ருக்குமணி, எழுந்து வா. உனக்கு என்னைவிட அதிகம் கைதட்டுவார்கள், தெரியும். எரிகிறது. இருந்தாலும் வா.

பொறுமையோடு கேட்ட அனைவருக்கும் என் நன்றி. வணக்கத்தை அவள் சொல்லட்டும்.