வீரம்மாவுக்குப் போட்ட முழுப்பேரு

...இல்லீங்க தங்கச்சி, மறைக்காதீங்க, பையில இருக்குற போத்தல நான் பாத்துட்டேன். பச்ச மூடி, மேல ஒரு மூள படம். ஞாபகசக்தி மாத்திர. யாருக்கு, மாமியாருக்கா? ம்... நெனச்சேன். ராகலையில இந்த பஸ் ஏறுறவங்கள்ல பாதிப் பேரு பையில இப்ப அதுதான். மத்தப் பாதி, வாங்குனத எங்க வச்சோம்னு மறந்துட்டாங்க.

இருங்க, நுவரெலியா போய்ச் சேர இன்னும் நேரம் கெடக்கு, கேளுங்க. முன்னுக்கு செவப்புச் சால்வ போட்டு ஜன்னலோரமா உக்காந்திருக்காங்களே, அது நம்ம வீட்டுக்காரி, வீரம்மா. அவளும் இதையே ஏழு மாசம் முழுங்குனவதான். போன கெழம கிளினிக்குல டொக்டர் என்னைய நிக்க வச்சு ஏசுறாரு. ‘ஐயா, மறதிக்குப் பல காரணம் இருக்கும், ரத்தத்துல ஒரு சத்து கொறஞ்சாலும் வரும், ஆரம்பத்துலயே கூட்டிட்டு வந்திருந்தா ஒருவேள சரிபண்ணியிருக்கலாம், இப்ப எவ்வளவு திரும்பும்னு சொல்ல ஏலாது’ங்குறாரு. இன்னைக்குத்தான் ரத்த ரிப்போட்டு வருது. நான் கிளினிக்குத் துண்ட பையில மூணுவாட்டி தொட்டுப் பாத்துட்டேன். அவ என்னடான்னா கோவா, கரட்டுன்னு மரக்கறித் தோட்டத்த வேடிக்க பாத்துக்கிட்டு வாறா.

போத்தல்ல என்னா எழுதியிருக்கு, வாசிங்க பாப்போம். ‘விஞ்ஞான ஆராய்ச்சியில் நிரூபிக்கப்பட்டது.’ ஆகா. யாரு ஆராய்ஞ்சா? எங்க அண்ணன் மக கிருஷாந்தி, கண்டியில நர்ஸு, போன்ல தேடி எடுத்தா. மொத்தமே முப்பது பேரு. எல்லாம் யுனிவர்சிட்டிப் புள்ளைங்க, இருவது வயசு. அதுங்களுக்கு என்னா மறதி? லெக்சர் நேரம் மட்டுந்தான் மறக்கும். ரெண்டு மாசம் குடுத்துப் பாத்தாங்களாம். யாரு செலவுன்னு பாத்தா, போத்தல் கம்பனி செலவு. ஏங்க, நான் தேயிலத் தோட்டத்துல முப்பத்தோரு வருசம் கணக்கப்புள்ளையா இருந்தவன். கொழுந்து பறிச்ச ஆளே தராசையும் புடிச்சா தோட்டத்துத் தொர உடுவாரா?

‘சித்தப்பா, ஒரு ஆராய்ச்சிய மட்டும் நம்பாதீங்க, நெறைய ஆராய்ச்சிய ஒன்னாச் சேத்துப் பாத்தவங்க, எதையும் விக்காதவங்க, அவங்க என்னா சொல்றாங்கன்னு பாருங்க’ன்னா. பாத்தோம். மறதி வந்தவங்களுக்கு இது கேக்கும்னு சொல்ல நல்ல ஆதாரம் இல்லைன்னு போட்டிருக்கு. வந்துச்சே எனக்குக் கோவம். இல்லைன்னு சொல்றதுக்கு எதுக்குய்யா அவ்வளவு படிப்பு? கடைக்காரன் கேக்கும்ங்குறான், ஃபேஸ்புக்கு கேக்கும்ங்குது, இவ ஒருத்தி வந்து இல்லைங்குறா. போடி, நானே ஆராய்ச்சி பண்ணிக் காட்டுறேன்னு எறங்கிட்டேன்... சிரிக்காதீங்க தங்கச்சி.

வேலைக்கு வந்த ஆளுங்க பேரப் பதியுற பழைய செக்ரோல் கொப்பி ஒன்னு வீட்டுல கெடந்துச்சு. மலையில முழு வேல செஞ்சவங்களுக்கு முழுப்பேரு, கொறஞ்சவங்களுக்கு அரைப்பேரு போடுவோமே, அதே மாதிரி கோடு போட்டேன். காலையில தேத்தண்ணி குடிச்சதும் வீரம்மாகிட்ட நாலு கேள்வி. இன்னைக்கு என்னா கெழம, நேத்து என்னா கறி, பேரன் பேரு என்னா, என் பேரு என்னா. மொத மாசம் அரைப்பேராத்தான் விழுந்துச்சு. மூணாம் மாசம் பாக்கணுமே, வரிசையா முழுப்பேரு. கொப்பியத் தூக்கிக்கிட்டு கோயில் கமிட்டிக்கே போயிட்டேன். கமிட்டி ஆளு செல்லசாமி, பேச்சப் பதியன்னு போன நீட்டுனான், மாத்திர நல்லாக் கேக்குதுன்னு நானும் பேசுனேன். அந்த வட்ஸ்அப் குரல் வட்டவளை வரைக்கும் போயிருச்சாம்... ஆமா, ஒங்களுக்கு வந்ததும் அதேதான். கணக்கப்புள்ள சின்னராசா நான்தான். மொறைக்காதீங்க, முழுசாக் கேட்டுட்டு ஏசுங்க.

மூணு கேள்வியில கொஞ்சம் கைய வச்சேன், ஒத்துக்குறேன். காலண்டருக்கு நேரா உக்கார வச்சுத்தான் கெழமையே கேப்பேன். கறிச்சட்டிய கண்ணால காட்டுவேன். பேரன் பேருக்கு மொத எழுத்த நானே எடுத்துக் குடுப்பேன். மலையிலயும் அப்பிடித்தான், ரெண்டு கிலோ கொறஞ்சு வந்து நின்னா, பாவம்னு முழுப்பேரு போட்டுப் பழகுன கை. கம்பனிக்காரன திட்டுறேன், நான் மட்டும் என்னா யோக்கியம்...

ஆனா நாலாவது கேள்வியில நான் கையே வைக்கல, சாமி சத்தியமா. அதுக்கு அவ வாயே தெறக்க மாட்டா. தலையக் குனிஞ்சு சிரிப்பா. நாப்பத்திரெண்டு வருசமா அவ என் பேரச் சொன்னதே இல்லீங்க. புள்ள பொறந்ததப் பதியப் போன எடத்துல, பதிவுக்கார ஐயா புருசன் பேரக் கேக்குறாரு, இவ பக்கத்துல நின்னவள இடிச்சு அவ வாயாலதான் சொல்ல வச்சா. அவ்வளவு மரியாத. அதனால தெனமும் சிரிச்சதும் சரின்னு போட்டுக்கிட்டே வந்தேன். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கும் வேற.

பத்து நாளைக்கு முன்னாடி கிருஷாந்தி வீட்டுக்கு வந்தா. கொப்பியப் பொரட்டிப் பாத்தா, மூடி வச்சா. ‘சின்னம்மா, நீங்க வாயால சொல்ல வேணாம். நான் மூணு பேரு சொல்றேன், சித்தப்பா பேரு வந்தா தலைய மட்டும் ஆட்டுங்க’ன்னா. நானும் தெம்பாத்தான் நின்னேன்.

கிருஷாந்தி மொதல்ல ‘செல்லசாமி’ன்னா. வீரம்மா தலைய ஆட்டுனா. ‘மூக்கன்’னா. ஆட்டுனா. ‘சின்னராசா’ன்னா... அதுக்கும் அதே மாதிரி தலையக் குனிஞ்சு, சிரிச்சுக்கிட்டு ஆட்டுனா.