தலையாட்டாமல் கேளுங்கள்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் வகுப்பாசிரியை அம்மா அவர்களே, சலவைக்கூடத்திலிருந்து வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மேற்பார்வையாளர் ஐயா அவர்களே, எட்டு மணி நேரம் நின்ற காலோடு வந்திருக்கும் பெரியவர்களே, தூங்கும் பிள்ளைகளைத் தோளில் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்.

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவள். நம் ஆங்கில வகுப்பின் ஆண்டு விழாவில் சின்னஞ்சிறு சொற்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். 'லுக்' என்றால் பார். பின்னால் 'அட்' வந்தால் வெறும் பார்வை. 'ஃபார்' வந்தால் தேடல். 'ஆஃப்டர்' வந்தால் கூடவே நின்று காவல். வால் மாறினால் வேலையே மாறிவிடுகிறது! வால் பிடிபடாதபோது நாம் என்ன செய்கிறோம்? தலையாட்டுகிறோம். திட்டினாலும் தலையாட்டல், திட்டம் சொன்னாலும் தலையாட்டல்.

என் வீட்டுக்காரரும் ஆட்டினார். பத்து மாதத்துக்கு முன், பகல் பதினொரு மணி. சலவைக்கூடத்து நீராவிப் பெட்டி சீறியது. மெக்கானிக் வரும்வரை அதைப் பார்த்துக்கொள் என்று ஆங்கிலத்தில் உத்தரவு, 'லுக் ஆஃப்டர்'. அவர் காதில் 'லுக்' மட்டும்தான் விழுந்தது. கசிவைத் தேடச் சொல்கிறார்கள் என்று நினைத்து மூடியைத் திறந்தார். அதற்கு மேல் நான் சொல்ல வேண்டாம். உங்களில் பாதிப் பேர் அங்கேதான் நின்றீர்கள்.

அந்தச் சின்னச் சொல்லா அவரைக் கொன்றது? இல்லை. அவருக்கே சந்தேகம் இருந்திருக்கிறது. பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த என் நாத்தனார், "அண்ணே, என்ன சொன்னாருன்னு இன்னொரு தடவ கேளேன்" என்றாளாம்.

"போன வாரம் கேட்டதுக்கே செவிடன்னு பேரு வெச்சுட்டாங்க. விடும்மா."

அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்தது யார்? நீங்கள். நீங்கள் மட்டுமா? பேர் வைத்த அன்று ராத்திரி சோறு போட்டுக்கொண்டே, நானும் அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்தேன்.

பின்வரிசையில் என்னம்மா? கேட்டால் வேலை போய்விடும் என்கிறாயா? அதற்குப் பதில் என்னிடம் இல்லை. முன்வரிசையில் இருக்கிறது.

மேற்பார்வையாளர் ஐயா, நாளைக் காலை அந்தப் பெட்டியருகே நிற்கப்போவது நான். புரியாவிட்டால் கேட்பேன். மூன்று முறை கேட்பேன், முப்பது முறை கேட்பேன். கேட்பவருக்குப் பட்டப்பெயரும் இல்லை, வேலைநீக்கமும் இல்லை என்று இத்தனை பேர் முன்னால் சொல்வீர்களா?

ஐயா, தலையாட்டாதீர்கள். எங்கள் வீட்டில் ஒரு தலையாட்டல் போதும். வாய் திறந்து சொல்லுங்கள்.

இதோ, மைக்கை உங்களுக்காகத் திருப்பி வைத்துவிட்டேன். நீங்கள் சொல்லி முடிக்கும்வரை இறங்கமாட்டேன். கேட்டுக்கொண்டிருந்த எல்லோருக்கும் நன்றி. இனி கேட்கப்போகிறவர்களுக்கு என் வணக்கம்.