செருப்பைக் கழற்றிவிட்டு மடித்த கொடி

தகரக் கூரையில் கல் விழுகிறது. முதலில் ஒன்று. பிறகு எண்ண முடியவில்லை. மழைக்கு இப்படிச் சத்தம் வராது. ஓடுகிறோம். என் கையில் மகளின் கை. அவளுக்கு ஒரு காலில்தான் செருப்பு.

"வெளிய வாங்க! வர்றானுங்க! கொல்லைக்கு ஓடுங்க!"

தெரு முனையிலிருந்து யாரோ கத்துகிறார்கள். பைக்குகளின் உறுமல் கேட்கிறது. விசில் கேட்கிறது. கண்ணாடி உடைகிறது. பிறகு 'புஸ்' என்று ஒரு சத்தம். பெட்ரோல் பாட்டில் ஓலையில் பற்றும்போது அப்படித்தான் வரும். அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

சுதந்திர தினத்துக்கு மறுநாள். சாயங்காலம். வெயில் இன்னும் இறங்கவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். இருட்டில் ஒளிந்து வந்தவர்கள் இல்லை அவர்கள். முகத்தைக் காட்டிக்கொண்டு வந்தார்கள்.

எங்கள் காலனி, கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. பின்னால் கரும்புக் கொல்லை. அதற்குள் புகுந்துவிட்டால் பிழைக்கலாம். எங்கள் ஆட்களுக்கு இது பழக்கம். என் அம்மா என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடியதும் இப்படி ஒரு கரும்புக் கொல்லைக்குள்தான். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. நான் படித்து, கடலூரில் ஒரு லேபில் வேலைக்குப் போய், மாடி வீடு கட்டிய பிறகும் அதே ஓட்டம். நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

கொல்லையை நோக்கித்தான் ஓடிக்கொண்டிருந்தோம். என் கணவர்தான் தடுத்தார்.

அவர் பெயர் ஞானமுத்து. பதினேழு வருஷம் ராணுவத்தில் இருந்து வந்தவர். எங்கள் வீட்டு கேட்டின் முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்கிறார். கேட் தூணில், முந்தின நாள் ஏற்றிய தேசியக் கொடி.

"ஓடாதீங்க! எல்லாரும் நம்ம ஊட்டுக்கு வாங்க! கொடி இருக்குது, கை வைக்க மாட்டானுங்க!"

"மாமா, வேணாம்! கொல்லைக்குப் போயிடலாம்!"

நான் தொண்டை கிழியக் கத்தினேன். அவர் காதில் ஏறவில்லை.

இத்தனைக்கும் காரணம் ஒரு கொடிக்கம்பம். பஸ் ஸ்டாப்பில் ஊர்த்தெருக்காரர்களின் கம்பங்கள் வரிசையாக நிற்கின்றன. எங்கள் பிள்ளைகள் ஓரமாக ஒரு நீலக் கொடி நட்டார்கள். அன்று காலையில் அது இரண்டாக முறிந்து கிடந்தது. ஏன் முறித்தீர்கள் என்று கேட்கப் போனார்கள். கேட்டதுதான் குற்றம். சாதிப் பிரச்சினை இல்லையாம், கொடிப் பிரச்சினையாம். பிறகு வந்த அதிகாரிகள் எல்லாம் எங்களுக்கு அப்படித்தான் விளக்கினார்கள்.

இந்த மனுஷனைப் பற்றியும் சொல்ல வேண்டும். வடக்கே எல்லையில் இருந்தபோது கூட இருந்தவர்களே இவரைக் 'காலா மதராசி' என்று கூப்பிட்டார்கள். லீவில் வந்தால் இங்கே டீக்கடையில் மற்றவர்களுக்குக் கிளாஸ், இவருக்குப் பேப்பர் கப். நிறத்துக்கு அங்கே ஒரு பெயர், சாதிக்கு இங்கே ஒரு பெயர். இரண்டையும் விழுங்கிவிட்டுக் கொடியை மட்டும் நம்பினார். செத்துப்போன கூட்டாளியின் பெட்டியில் அந்தக் கொடியைப் போர்த்தித் தோளில் சுமந்தவர். "அதுக்கு முன்னால எல்லாரும் ஒண்ணுதான்" என்பார். எனக்கு எரிச்சலாக வரும். ஆனால் வாயை மூடிக்கொள்வேன். ஒரு மனுஷனுக்கு நம்ப ஏதாவது வேண்டுமில்லையா?

அவர் பேச்சைக் கேட்டுப் பத்துப் பன்னிரண்டு பேர் எங்கள் வீட்டுக்குள் வந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். கோதண்டம் அண்ணனும் வந்தார். அடுத்த வீடு. செம்மங்குப்பம் பக்கம் கெமிக்கல் கம்பெனி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர், ஆஸ்துமா. நாலு எட்டு வைத்தால் இழுக்கும். அவரைத் தாங்கிக்கொண்டு அவர் மனைவி தெய்வானை. அவள் இடுப்பில் அவர் மூச்சுக்கு இழுக்கும் பம்ப். உள் அறைக் கட்டிலில் உட்கார வைத்தோம்.

கதவைத் தாழ் போட்டோம். நான் ஜன்னல் கம்பி வழியே பார்க்கிறேன்.

வந்துவிட்டார்கள். கேட்டுக்கு முன்னால் நிற்கிறார்கள். உண்மையாகவே நிற்கிறார்கள். யாரும் கல்லை ஓங்கவில்லை. கொடியை அண்ணாந்து பார்க்கிறார்கள். என் கணவர் என் தோளைத் தொட்டார். பார்த்தாயா என்பது போல. ஒரு நிமிஷம் நானும் நம்பினேன். அந்த ஒரு நிமிஷத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே ஆத்திரம் வருகிறது.

கூட்டத்திலிருந்து சதீஷ் முன்னால் வந்தான். ஊர்த்தெருப் பையன். ராணுவத்தில் சேர ஆசைப்பட்டவன். என் கணவர் காலையில் மைதானத்தில் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி கொடுப்பார். எந்தத் தெருவென்று பார்க்க மாட்டார். சதீஷ் அவரை 'சார்' என்றுதான் கூப்பிடுவான். எங்கள் வீட்டில் தண்ணீர் மட்டும் குடிக்க மாட்டான்.

சதீஷ் செருப்பைக் கழற்றினான்.

வெறுங்காலோடு தூணருகே வந்தான். கயிற்றை அவிழ்த்தான். கொடி தரையில் படாமல் இறக்கினான். இன்னொருவன் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான். காவியையும் பச்சையையும் வெள்ளைக்கு அடியில் மடித்தார்கள். சக்கரம் மேலே தெரிகிற மாதிரி இரண்டு பக்கமும் உள்ளே மடித்தார்கள். என் கணவர் மைதானத்தில் சொல்லிக்கொடுத்த முறை. ஒரு பிசகு இல்லை. இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக்கொண்டு போய், தெரு ஓரம் தண்ணீர்த் தொட்டியின் மேடையில், தீ எட்டாத இடத்தில் வைத்தான்.

திரும்பி வந்து செருப்பைப் போட்டுக்கொண்டான்.

"இப்ப ஊத்துங்கடா!"

அது அவன் குரல்.

ஜன்னல் உடைகிறது. திரை பற்றுகிறது. சோபா பற்றுகிறது. கறுப்புப் புகை. "பின்பக்கம்! பின்பக்கம்!" என்று நான் கத்துகிறேன். கொல்லைக் கதவைத் திறந்து ஒவ்வொருவராகத் தள்ளினேன். மகளைத் தள்ளினேன். தெய்வானை வெளியே வந்துவிட்டு, "அவரு உள்ள இருக்காரு! அவரு உள்ள!" என்று திரும்பி ஓடப் பார்க்கிறாள். இரண்டு பேர் பிடித்துக்கொண்டோம். என் கணவர் கொல்லைக் கதவோரம் அசையாமல், எரிகிற ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தச் சத்தத்தில்தான் அவருக்கு உயிர் வந்தது. ஈரச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். கோதண்டம் அண்ணனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். மூச்சு இருந்தது. பம்பை வாயில் வைத்தோம். இழுக்கத் தெம்பில்லை.

சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் முடிந்துவிட்டது.

மறுநாள் விசாரணைக்கு வந்த அதிகாரி என் கணவரிடம் கேட்ட முதல் கேள்வி:

"கொடிக்கு ஏதாவது அவமரியாதை நடந்துச்சா?"

"இல்ல சார்."

"கிழிச்சாங்களா? மிதிச்சாங்களா?"

"இல்ல சார். ரொம்ப மரியாதையா மடிச்சாங்க."

அதிகாரிக்கு நிம்மதி. முகத்திலேயே தெரிந்தது. சதீஷுக்கு ஜாமீன் கேட்டபோது அவன் வக்கீலும் அதைத்தான் சொன்னாராம். கொடியைக் காப்பாற்றிய பையன், தேசப்பற்று உள்ளவன் என்று. ஜாமீன் கிடைத்தது. சதீஷ் இப்போதும் மைதானத்தில் ஓடுகிறான். நான் பஸ்ஸில் போகும்போது பார்க்கிறேன். இறங்கி நாலு கேள்வி கேட்கலாம் போல இருக்கும். கேட்டதால்தானே வீடு எரிந்தது.

கோதண்டம் அண்ணனைப் போலீஸ் பந்தோபஸ்தோடு எடுத்துப்போனோம். ஊர்த்தெரு வழியாக இல்லை. வயல் வரப்பில். அத்தனை போலீஸ் இருந்தும் வரப்பில்தான்.

காரியம் முடிந்த அன்று தெய்வானை எங்களிடம் வந்தாள். அடிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் கணவரிடம் மெதுவாகக் கேட்டாள்:

"அண்ணே, கொடிக்கு ஒண்ணும் ஆவலியே?"

அவள் குத்திக் கேட்கவில்லை. அவருக்கு அது எவ்வளவு பெரிது என்று தெரிந்தவள், ஆறுதலாகத்தான் கேட்டாள். அவர் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதார். எங்கள் கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் அழுது நான் பார்த்ததில்லை.

போனவற்றைச் சொல்கிறேன். ஒன்பது வீடுகள். அதில் ஆறு ஓலைக் கூரை, இரண்டு தகரம், எங்களுடையது ஒன்று. மூன்று ஆடுகள், கட்டிப் போட்டபடியே. எதிர் வீட்டுப் பிலோமினாவின் தையல் மிஷின். என் மகளின் பத்தாம் வகுப்புச் சான்றிதழ். என் கணவரின் மெடல்கள், உருகி ஒரே கட்டியாக. கோதண்டம், ஐம்பத்திரண்டு வயது, தெய்வானையின் கணவர்.

கொடிக்குச் சேதம் இல்லை. வாடகை வீட்டில், சதீஷ் மடித்த மடிப்பு கலையாமல் அலமாரியில் இருக்கிறது. என் கணவர் அதைப் பிரிக்கவில்லை. இந்த வருஷம் ஏற்றவும் இல்லை.

இன்னொன்றும் போயிற்று. அடுத்த முறை ஓடச் சொல்லி யாராவது கத்தினால், காலனியில் ஒருவரும் எங்கள் கேட்டின் முன்னால் நிற்க மாட்டார்கள். நேராகக் கொல்லைக்கு ஓடுவார்கள். எல்லாருக்கும் முன்னால் நான் ஓடுவேன்.