போனுக்கும் அதே பதில்

பெரம்பலூர் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு டீச்சர்கள். கைத்தடி வைத்திருந்தவர் சொன்னார்: "என் போனையே ஏமாத்திட்டேன் டீச்சர்."

"எப்படி?"

"எனக்கு எம்.எஸ்.ங்கிற நரம்பு வியாதி இருக்குல்ல, அதுல மனசும் சோர்ந்து போகுதுன்னு டாக்டர் ஒரு ஆப் போட்டுக் குடுத்தாரு. தெனம் அழுகையில இருந்து சிரிப்பு வரைக்கும் அஞ்சு மூஞ்சிப் படத்தைக் காட்டி, எப்படி இருக்கீங்கன்னு கேக்கும். யாரு கேட்டாலும் நல்லாருக்கேன்னே சொல்லிப் பழகிப்போச்சா, சிரிக்கிற மூஞ்சியைத் தொட்டுடுவேன்."

"அழுதுட்டு இருந்தாலுமா?"

"கண்ணைத் தொடச்சிட்டுத்தான் தொடுவேன். டாக்டர் அதைப் பாத்துட்டு, ஆறு மாசம் கழிச்சு வந்தாப் போதும்னுட்டாரு. காப்பியடிக்கிற பிள்ளைங்களைத் திட்டுறவ, இப்படிப் பாஸாயிருக்கேன்."

மற்றவர் சிரிக்கவில்லை. "இப்ப எப்படி இருக்கீங்க?"

"நல்லாருக்கேன்" என்றவர், தன் முகத்தைத் தொட்டுக் காட்டிச் சொன்னார்: "பாத்தீங்களா, உங்களுக்கும் அதே சிரிக்கிற மூஞ்சிதான்."