அம்மாவின் முன்பற்கள்

— நாக்கால தள்ளாத ஆயி. தள்ளிக்கிட்டே இருந்தா பல்லு எப்படி நிக்கும்?

— நான் தள்ளலம்மா. வாய மூடுனாலே ஆடுது. உள்ள டாக்டர் என்ன சொன்னாங்கன்னு நீ கேக்கவே இல்லையே?

— கேக்கப் பயமா இருக்குடி பாரதி. சொல்லு.

— முன்னாடி நாலு பல்லையும் எடுக்கணுமாம். இன்னிக்கே. அடியில எலும்பு கரைஞ்சு போச்சாம். மிச்சத்தை ஈறைக் கிழிச்சு சுத்தம் பண்ணிக் காப்பாத்தப் பாக்குறாங்களாம்.

— நாலுமா? இருவத்தஞ்சு வயசுதானேடி ஆவுது ஒனக்கு!

— வலிச்சிருந்தா அப்பவே ஓடி வந்திருப்பேன். வலிக்கவே இல்லையே. பல்லு வெளக்குனா ரத்தம் வந்துச்சு, அவ்வளவுதான். ஒங்கிட்டதான் மொதல்ல காட்டுனேன். உப்புத்தண்ணியில கொப்புளின்ன.

— ஆமா. சொன்னேன்.

— காலேஜ் படிக்கிறப்பவே வந்திருந்தா நாலும் நின்னிருக்குமாம். இப்ப வரிச்சிக்குடி ஸ்கூல்ல புள்ளைங்களுக்குப் பாட்டு சொல்லிக் குடுக்கறப்ப கையால வாய மறைச்சுக்கறேன். ஒரு வாண்டு, பாட்டுன்னா அப்படித்தான் போலன்னு, அதுவும் வாய மூடிக்கிட்டுப் பாடுதும்மா.

— அழாத ஆயி. எல்லாரும் பாக்குறாங்க.

— இது பரம்பரையாவும் வருமாம். வீட்ல யாருக்காச்சும் சின்ன வயசுலயே பல்லு ஆடி விழுந்திருக்கான்னு கேட்டாங்க. இல்லைன்னேன்.

— ம்.

— வெளிய ஒன்னையப் பாத்திருக்காங்க. 'ஒங்க அம்மாவுக்கு முன்பல்லே காணுமே'ன்னாங்க. அது நோவுல போவலைங்க, அந்த ஆளு குடிச்சுட்டு அடிச்சு ஒடைச்சதுன்னு சொன்னேன்.

— டாக்டர்கிட்ட போயி எதுக்குடி அதெல்லாம்? மனுசன் செத்து எட்டு மாசம் ஆவுது. இன்னும் அந்த ஆளுங்குற. ஒங்க அப்பாடி அவரு.

— எனக்கு அப்ப ஆறு வயசும்மா. லீவுக்கு அத்தை வீட்டுக்குப் போயிட்டு வந்து பாத்தா ஒனக்குப் பல்லு இல்ல. ஸ்கூல்ல ஒண்ணு பாக்கியில்லாம கேட்டுச்சுங்க, ஒங்கப்பன் ஒங்கம்மா பல்லைத் தட்டிட்டானாமேன்னு. அன்னியோட அவரை அப்பான்னு கூப்புடல. கடலுக்குப் போயிட்டு வந்து எனக்குன்னு நல்ல மீனாத் தனியா எடுத்து வைப்பாரு, தொட மாட்டேன். வாய்க்கரிசிகூட நான் போடல. அதுல எனக்கு வருத்தமும் இல்ல.

— சரி, விடு. இந்தப் பல்லு சமாச்சாரம் ராஜா வீட்டுக்குத் தெரிய வேணாம். தையில கல்யாணத்த வச்சுக்கிட்டு... செயற்கைப் பல்லு கட்டிட்டா யாருக்கும் தெரியாது.

— அவருக்குத் தெரியும்மா. இப்ப போன் பேசுனேனே, ராஜாகிட்டதான்.

— அடிப்பாவி! என்னன்னு சொன்ன?

— எல்லாத்தையும். நாளைக்கி நமக்குப் பொறக்குற புள்ளைக்கும் வரலாம்னுகூட சொன்னேன்.

— கெடுத்தியே! என்ன சொன்னாரு?

— 'பல்லத்தானே புடுங்குறாங்க, ஒன்னையவா புடுங்குறாங்க'ன்னாரு. சாயங்காலம் கஞ்சி வாங்கிட்டு வர்றேன், சூடா எதையும் குடிச்சுடாதன்னாரு.

— வேற ஒண்ணும் கேக்கலையா?

— வேற என்ன கேக்கணும்? அம்மா... ஏம்மா இப்படி அழுவுற? நல்ல வார்த்தைதானே சொன்னாரு?

— அவ்வளவுதானாடி? இவ்வளவு சுளுவா? ஐயோ, இதுக்கா அந்த மனுசன்...

— எந்த மனுசன்?

— ஒங்க அப்பா என்னைய அடிக்கலடி.

— என்னம்மா ஒளர்ற?

— குடிப்பாரு, இல்லைங்கல. ஒருநாளும் கை ஓங்குனதில்ல. ஒனக்கு வந்ததுதான் ஆயி எனக்கும். ஈறு வீங்கி, ரத்தம் கசிஞ்சு, ரெண்டு பல்லு தானா விழுந்துச்சு. ரெண்டைப் பெரியாஸ்பத்திரியில புடுங்குனாங்க. ஊருல வியாதிக் குடும்பம்னு பேச ஆரம்பிச்சாங்க. பொட்டப்புள்ள வச்சிருக்கீங்களே, நாளைக்கி எவன் கட்டுவான்னு ஒங்க அத்தையே கேட்டா. மறுநாள் அவரு மீன் ஏலம் போற எடத்துல நின்னு, நான்தான் குடிச்சுட்டு அடிச்சேன், பல்லு போச்சுன்னுட்டாரு. பஞ்சாயத்துல எல்லார் கால்லயும் வுழுந்து எந்திரிச்சாரு. செய்யாத தப்புக்கு.

— நீ பாத்துக்கிட்டு நின்னியா?

— நின்னேன். ஒனக்கு ரத்தம் வந்தப்பவும் வாயத் தொறக்கல. அதுவா இருக்காது, அதுவா இருக்காதுன்னு சாமியக் கும்புட்டுக்கிட்டுக் கெடந்தேன்.

— பல்லு போனாப் போவுதும்மா. அப்பா வாசல்ல வந்து நிப்பாரு, என் மூஞ்சியப் பாப்பாரு, ஒண்ணும் பேசாமத் திரும்பிப் போவாரு. பதினெட்டு வருசம்! அவரு ஆஸ்பத்திரியில கெடந்தப்பவாவது நீ எங்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா? ஓடி வந்திருப்பேனே!

— கேட்டேன் ஆயி. கடைசி நாளு, புள்ளைக்குப் போன் போட்டு உண்மையச் சொல்லிடறேன்னேன். 'அவ கழுத்துல தாலி ஏறட்டும் அஞ்சுகம், அதுவரைக்கும் நான் அடிச்சவனாவே இருந்துக்கறேன்'னாரு.