முழு வெள்ளை

கடலூர் வெயிலை எல்லோரும் திட்டுகிறார்கள் சார். எனக்கு அதன்மேல் ஒரு வருத்தமும் இல்லை.

மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டில் ஓயாமல் ஏ.சி. ஓடுகிற அறை ஒன்றுதான். அதில் நாங்கள் யாரும் படுப்பதில்லை. நான் வளர்க்கும் சின்சில்லாக்கள் இருக்கின்றன. அணிலும் முயலும் கலந்தாற்போல், பஞ்சு ரோமத்தோடு இருக்கும். குளிர்ந்த மலைநாட்டுப் பிராணி. நம் ஊர்ச் சூட்டில் அரை நாள் தாங்காது. பெரும்பாலும் சாம்பல் நிறம். நான் தேடி வாங்கியது வெள்ளை ஜோடி. வெள்ளை என்றால் எனக்கு உயிர். மகன் ராஜ்கமல் அவன் அம்மாவைக் கொண்டு நல்ல சிவப்பு. அவனுக்கும் ஊர் ஊராகப் போய் பஜ்ஜி தின்று, கடைசியில் சிதம்பரத்து வினோதினியைப் பிடித்தேன். சுண்டினால் ரத்தம் வரும் நிறம். விலங்கியல் படித்தவள் என்பதைப் பிறகுதான் கவனித்தேன்.

முதல் ஈற்றில் ஒரு குட்டி வெள்ளை, இன்னொன்று சாம்பல். பெட்டை சோரம் போய்விட்டது என்றே முடிவுகட்டினேன். கூண்டுச் சாவி என் அரைஞாணில்தான் தொங்கியது. இருந்தும் அதன் முகத்தில் விழிக்க மனம் வரவில்லை. வினோதினி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அது ஒரு தப்பும் பண்ணல மாமா. ஒவ்வொரு வெள்ளைக்குள்ளயும் ஒரு சாம்பல் ஜீன் இருக்கும். ரெண்டு பக்கமும் வெள்ளையே வந்துட்டா குட்டி வயித்துலயே கரைஞ்சி போயிடும். முழு வெள்ளைன்னு ஒண்ணு உயிரோடவே இருக்காது."

எனக்கு அவமானமாக இருந்தது. சாம்பல் குட்டியை மாடித் தகரக் கொட்டகையில் வைத்தேன். அடிக்கவில்லை, நெரிக்கவில்லை. வைக்கோல் பரப்பி வசதியாகத்தான் வைத்தேன். மற்றதை வெயில் பார்த்துக்கொண்டது. அடுத்தடுத்த ஈற்றுகளிலும் அப்படித்தான். "செத்துப் பொறந்துச்சும்மா" என்பேன். வினோதினி அழுவாள். இளகிய மனசு.

மாசியில் அவளுக்குத் தாய்வீட்டில் பெண் குழந்தை பிறந்தது. கருப்பு. பார்க்க வந்தவர்களெல்லாம் "தாத்தாவ உரிச்சி வச்சிருக்கு" என்றார்கள். சிலருக்குக் கண் சரியில்லை.

கத்திரி வெயிலில் குழந்தையை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். நேற்று வினோதினி குளிக்கப் போனபோது அதைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினேன். துணி விரித்துப் படுக்கவைத்தேன், கொசுவலைகூட மூடினேன். கொட்டகைக் கதவைத் தாழிட்டுக் கீழே வந்து பேப்பர் படித்தேன். அழுகை தெருமுனை வரை கேட்கும் என்று எதிர்பார்க்கவில்லை. சின்சில்லாக் குட்டிகள் அப்படிக் கத்தாது.

வினோதினி ஈரத் தலையோடு ஓடிப்போய்த் தூக்கினாள். என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அந்தக் குட்டிங்களையும் இங்கதான் வச்சீங்களா?"

ஆமாம் என்றேன். படித்த பெண், புரிந்துகொள்வாள் என்று நம்பினேன். நேராக உங்களிடம் வந்துவிட்டாள்.

குழந்தைக்கு ஒன்றுமில்லையாம். நம் ஊர்ப் பிள்ளை, வெயில் தாங்குகிறது.

சாகட்டும் என்றுதான் வைத்தேன் சார். மறுக்கவில்லை, அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அங்க அடையாளத்தில் உங்கள் ஏட்டு என் நிறத்தைக் கருப்பு என்று போட்டிருக்கிறார். அதை மட்டும் மாநிறம் என்று திருத்தச் சொல்லுங்கள்.